அப்பாவுக்கு டம்மி மாத்திரை கிடைத்துவிட்டால்?

பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு வாசகியின் கடிதம். சுருக்கித் தருகிறேன்.

"அப்பாவுக்கு 66 வயது. பதினைந்து வருடமாகச் சர்க்கரை. இரண்டு வருடத்துக்கு முன்னால் மூச்சு வாங்கியது, கால் வீங்கியது. எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு இதயத்தின் பம்பிங் 35 சதவீதம்தான் இருக்கிறது என்றார்கள். பைசோப்ரோலால், நீர் மாத்திரை எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஏழு மாத்திரை. இப்போது ஓரளவு நன்றாக இருக்கிறார். போன வாரம் செக்கப் போனபோது, புது மருந்து ஒன்றுக்கு ஆய்வு நடக்கிறது, சேருகிறீர்களா என்று கேட்டு டாக்டர் 24 பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தார். பாதிப் பேருக்கு நிஜ மருந்து, பாதிப் பேருக்கு டம்மி மாத்திரை, யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாதாம். அம்மா, 'இவரைச் சோதனை எலி ஆக்கப் பார்க்கிறார்கள், வேண்டவே வேண்டாம்' என்கிறார். தம்பி, 'புது மருந்து இலவசமா கிடைக்குது, விட்டுடாதே' என்கிறான். அப்பாவோ, 'டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்று பேனாவை எடுத்துவிட்டார். நான்தான் பிடுங்கி வைத்தேன். நான் செய்தது சரியா? சேர்க்கலாமா, வேண்டாமா?"

பேனாவைப் பிடுங்கியது சரி. படிவம் கைக்கு வந்த நிமிடமே கையெழுத்துப் போட்டாக வேண்டிய நிலைமை மாரடைப்பு, பக்கவாதம், ஐசியூ போன்ற இடங்களில் வரும். அங்கே ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. உங்கள் அப்பா தானே நடந்து வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, பேசிவிட்டுப் போகிறவர். ஒரு வாரம் யோசித்தால் அவருக்கு எந்த நஷ்டமும் இல்லை. படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கிறோம் என்று கேட்பது உங்கள் உரிமை. அதைக் கேட்டு யாராவது முகம் சுளித்தால் அந்த ஆய்வைப் பற்றி உங்களுக்கு வேண்டிய தகவலில் பாதி அங்கேயே கிடைத்துவிட்டது.

நான் பொது மருத்துவத்தில் முப்பது வருடத்தை நெருங்குகிறேன். கத்தி எடுக்காத மருத்துவம். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம் என்று வருடக்கணக்கில் கூடவே நடக்கும் நோய்களைப் பார்க்கிற வேலை. இப்படிப்பட்ட ஆய்வுகளில் நோயாளிகளைச் சேர்க்கிற பக்கத்திலும் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் என் மனம் ஆய்வின் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அதைக் கழித்துக்கொண்டே மற்றதைப் படியுங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், சேரலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் சில கேள்விகளுக்குப் பதில் வாங்கிய பிறகு, அதுவும் உங்கள் அப்பா தானே யோசித்துச் சம்மதித்தால் மட்டும்.

முதலில் அந்த டம்மி மாத்திரை. அது கிடைத்துவிட்டால் அப்பா சிகிச்சையே இல்லாமல் நின்றுவிடுவார் என்ற பயம் உங்களுக்கு மட்டும் இல்லை, என்னிடம் வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு இருக்கிறது. இதயச் செயலிழப்பில், அதாவது உங்கள் அப்பாவுக்கு இருப்பதுபோல இதயத்தின் பம்பிங் குறைந்துபோன நிலையில், நடக்கும் ஆய்வுகளின் வழக்கம் வேறு. இப்போது சாப்பிடும் ஏழு மாத்திரையும் அப்படியே தொடரும், அதற்கு மேல் எட்டாவதாக ஒன்று சேரும். அந்த எட்டாவதில் மருந்து இருக்கிறதா இல்லையா என்பதுதான் அங்கே மறைத்து வைத்திருக்கும் விஷயம். நல்ல மருந்து ஒன்று ஏற்கெனவே இருக்கும்போது அதை நிறுத்திவிட்டு வெறும் மாவு உருண்டையைக் கொடுத்து வேடிக்கை பார்ப்பதை ஆய்வுகளுக்கு ஒப்புதல் தருகிற எந்த ஒழுங்கான நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. ஆனாலும் 'வழக்கம்' என்று நான் சொல்வதை நம்பி விட்டுவிடாதீர்கள். உங்கள் கையில் இருக்கும் 24 பக்கத்தில், இப்போதைய மருந்துகள் தொடருமா என்று எழுதியிருக்கும் இடத்தைத் தேடிப் பிடித்து அதன் கீழே கோடு போடுங்கள். எதையாவது நிறுத்தச் சொல்லியிருந்தால் எது, எத்தனை நாள், ஏன் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

சரி, எட்டாவது மாத்திரை டம்மியாக ஏன் இருக்க வேண்டும்? எல்லாருக்கும் நிஜ மருந்தையே கொடுத்துவிட்டு யார் தேறுகிறார்கள் என்று பார்த்தால் போதாதா?

இதற்குப் பதில் உங்கள் வீட்டு மாத்திரைப் பெட்டியிலேயே இருக்கிறது. அப்பா சாப்பிடுகிற அந்த பைசோப்ரோலாலை எடுத்துப் பாருங்கள். பீட்டா பிளாக்கர் வகை. இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும், பம்ப் செய்யும் வேகத்தையும் கொஞ்சம் குறைக்கும். நான் படிக்கும்போது, இதயம் பலவீனமாக இருப்பவருக்கு இந்த வகை மருந்தைக் கொடுக்கக் கூடாது என்று தேர்வில் எழுதினால் மதிப்பெண் உண்டு, கொடுக்கலாம் என்று எழுதினால் சுழி. கேட்கவும் நியாயமாகத்தானே இருக்கிறது? ஏற்கெனவே தள்ளாடுகிற இதயத்தை இன்னும் மெதுவாக்கினால் படுத்துவிடாதா? ஸ்வீடனில் ஒரு சிறு குழு 1975-லேயே ஏழு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, தேறுகிறார்கள் என்று எழுதியது. பெரும்பாலானவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏழு பேர்தானே, எப்படி நம்புவது.

அப்புறம் 1999-ல் பெரிய ஆய்வுகள் இரண்டு வெளிவந்தன. அதில் ஒன்று பைசோப்ரோலாலை வைத்தே நடந்தது, பெயர் சிபிஸ்-2. மொத்தம் 2647 பேர். 1327 பேருக்கு மருந்து, 1320 பேருக்கு டம்மி. டம்மி சாப்பிட்டவர்களில் 228 பேர் இறந்தார்கள், மருந்து சாப்பிட்டவர்களில் 156 பேர். நூற்றுக்கு 17 என்பது 12-க்கு இறங்கியது. பலன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வைக் குறித்த காலத்துக்கு முன்னாலேயே நிறுத்தினார்கள். பலவீனமான இதயத்தை உடம்பு அட்ரினலினால் அடித்து அடித்து ஓட்டுகிறது, அந்த அடிதான் மாதக்கணக்கில் இதயத்தை இன்னும் தேய்க்கிறது, அதைத் தடுத்தால் முதல் சில வாரம் சிரமமாக இருந்தாலும் பிறகு நிமிர்கிறது என்பது இப்போது எல்லாருக்கும் புரிகிறது. புரிய வைத்தவர்கள் அந்த 2647 பேர். அவர்களில் சரிபாதி டம்மி சாப்பிட்டவர்கள். அந்தப் பாதி இல்லாமல் இந்தப் பாதியின் கணக்குக்கு அர்த்தமே கிடையாது.

நூறு பேரில் ஐந்து பேர் வித்தியாசம் என்பதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். நான் ஒரு மருந்தை நூறு பேருக்குக் கொடுக்கிறேன் என்று வையுங்கள். 12 பேர் இறந்துபோகிறார்கள். மருந்து கொடுக்காமல் இருந்திருந்தால் 17 பேர் போயிருப்பார்கள். காப்பாற்றப்பட்ட அந்த ஐந்து பேர் யார் என்று என்னால் சொல்ல முடியுமா? முடியாது. அவர்களுக்கும் தெரியாது. போன பன்னிரண்டு பேரின் முகம் மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கும், அதை வைத்து 'இந்த மருந்து சரியில்லை' என்று நான் முடிவுகட்டியிருப்பேன். எத்தனை அனுபவசாலி டாக்டராக இருந்தாலும் தன் கிளினிக்கில் உட்கார்ந்தபடி இந்த அளவு வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும், பக்கத்தில் ஒப்பிட இன்னொரு கூட்டம் வேண்டும், யார் எந்தக் கூட்டத்தில் என்பது நாணயம் சுண்டுவதுபோல முடிவாக வேண்டும். டாக்டர் கையில் விட்டால் தேறுகிற மாதிரி இருப்பவரைத் தெரியாமலேயே மருந்துப் பக்கம் தள்ளிவிடுவார், நானும் தள்ளியிருப்பேன்.

இது எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். மாரடைப்பு வந்து பிழைத்தவர்களுக்கு ஈசிஜியில் நடுநடுவே கூடுதல் துடிப்புகள் வரும். அப்படி வருகிறவர்கள் திடீரென்று இறந்துபோவது அதிகம் என்று தெரியும். அந்தத் துடிப்புகளை அடக்கும் மருந்துகள் கையில் இருந்தன, கொடுத்தால் ஈசிஜி அழகாக மாறும், டாக்டருக்கும் திருப்தி, நோயாளிக்கும் திருப்தி. இதில் ஆய்வு செய்ய என்ன இருக்கிறது என்று பலர் கேட்டார்கள். காஸ்ட் என்ற ஆய்வின் முடிவு 1989-ல் வந்தது. என்கைனைட், ஃபிளெகைனைட் என்ற இரண்டு மருந்துகளில் ஒன்றைச் சாப்பிட்ட 730 பேரில் 56 பேர் இறந்திருந்தார்கள். டம்மி சாப்பிட்ட 725 பேரில் 22 பேர். ஈசிஜியைச் சரிசெய்த மருந்து ஆளைக் கொன்றுகொண்டிருந்தது. அந்த ஆய்வில் டம்மி கிடைத்தவர்தான் அதிர்ஷ்டசாலி. உங்கள் தம்பியிடம் இதைச் சொல்லுங்கள். புது மருந்து என்பதற்கு நல்ல மருந்து என்று பொருள் கிடையாது, நல்லதா கெட்டதா என்று இன்னும் தெரியாத மருந்து என்றுதான் பொருள். தெரிந்திருந்தால் ஆய்வே நடக்காது.

டாக்டருக்கே தெரியாதாம் என்று நீங்கள் எழுதியிருந்த தொனியில் ஒரு வருத்தம் இருந்தது. அது அப்படித்தான் இருக்க வேண்டும். தெரிந்தால் அவர் முகமே காட்டிக்கொடுத்துவிடும். டம்மி சாப்பிடுகிறவரிடம் கூடுதலாக விசாரிப்பார், கூடுதலாக வேறு மருந்து எழுதுவார், கணக்கு கெட்டுப்போகும். நோயாளிக்குத் தெரிந்தாலும் அதே கதைதான். ஸ்டாடின் என்ற, கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை பக்கவிளைவு தருகிறது என்று நிறுத்திவிட்ட 60 பேரை வைத்து 2020-ல் ஓர் ஆய்வு வந்தது. ஆளுக்குப் பன்னிரண்டு டப்பா, மாதத்துக்கு ஒன்று. நாலில் ஸ்டாடின், நாலில் டம்மி, நாலு வெறும் டப்பா. தினமும் உடம்பு எவ்வளவு படுத்துகிறது என்று நூற்றுக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். வெறும் டப்பா மாதங்களில் சராசரி 8. ஸ்டாடின் மாதங்களில் 16.3. டம்மி மாதங்களில் 15.4. அந்த அவஸ்தை பொய் என்று நான் சொல்லவே மாட்டேன், அவர்களுக்கு அது நிஜமாகவே இருந்தது. மாத்திரை விழுங்குகிறோம் என்ற நினைப்பே உடம்பில் அவ்வளவு செய்கிறது. அதைக் கழித்துப் பார்க்க டம்மியை விட்டால் வேறு வழி இல்லை.

இனி அம்மாவின் பயம். தயவுசெய்து அதைச் சிரித்துத் தள்ளாதீர்கள், அதற்கு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவில் அலபாமா மாநிலம் டஸ்கீகியில் 1932-லிருந்து 1972 வரை, அரசுப் பொதுச் சுகாதாரத் துறையே நடத்திய ஆய்வு ஒன்றில் சுமார் 600 கறுப்பின ஆண்களைச் சேர்த்தார்கள், அதில் 399 பேருக்குச் சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய். என்ன நோய் என்றே அவர்களுக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை. 1940-களில் பெனிசிலின் வந்து, அந்த நோயைக் குணப்படுத்தும் என்று ஊர் உலகத்துக்கே தெரிந்த பிறகும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. நோய் தன் போக்கில் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது வருடம். செய்தித்தாளில் வந்த பிறகுதான் நின்றது. உங்கள் அம்மா டஸ்கீகி என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார், ஆனால் அவர் பயப்படுவது சரியாக இதற்குத்தான்.

நல்ல ஆய்வு என்று நாங்கள் கொண்டாடுவதிலும் இந்தக் கறை உண்டு. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் வேலை செய்கிறதா என்று பிரிட்டனில் நடத்தி 1948-ல் வெளியிட்ட ஆய்வுதான் இன்றைய ஆய்வுமுறைக்கே முன்மாதிரி. பிராட்ஃபோர்ட் ஹில் என்ற புள்ளியியல் அறிஞர் வடிவமைத்தது. 107 பேர், யாருக்கு மருந்து என்பது ஒட்டிய உறைக்குள். படுக்கை ஓய்வோடு மருந்தும் வாங்கிய 55 பேரில் ஆறு மாதத்தில் 4 பேர் இறந்தார்கள், படுக்கை ஓய்வு மட்டும் எடுத்த 52 பேரில் 14 பேர். அங்கே டம்மி ஊசி கிடையாது. நாளுக்கு நாலு தடவை, மாதக்கணக்கில், வெறும் ஊசி குத்துவது அநியாயம் என்று விட்டுவிட்டார்கள். அந்தக் கருணை எனக்குப் பிடிக்கும். ஆனால் ஓய்வு மட்டும் எடுத்த அந்த 52 பேருக்கு, தாங்கள் ஓர் ஆய்வில் இருக்கிறோம் என்பதே தெரியாது. சொல்லவில்லை. இன்று அப்படி ஒருவர் செய்தால் ஆய்வையே மூடிவிடுவார்கள்.

இப்போது இருக்கும் விதிகள் இந்த மாதிரி தவறுகளிலிருந்து வந்தவை. உலக மருத்துவச் சங்கம் 1964-ல் ஹெல்சிங்கியில் வெளியிட்டுப் பல முறை திருத்திய பிரகடனத்தில் உங்கள் வீட்டுக்கென்றே எழுதிய மாதிரி ஒரு விஷயம் இருக்கிறது: நோயாளி தன் டாக்டரைச் சார்ந்து இருக்கிறவர் என்றால், அந்த டாக்டரே ஒப்புதல் வாங்கக் கூடாது, அந்த உறவில் சம்பந்தப்படாத, தகுதியுள்ள வேறொருவர்தான் வாங்க வேண்டும். 'டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்று பேனாவை எடுக்கிறாரே உங்கள் அப்பா, அவருக்காகத்தான் இது. அடுத்த முறை போகும்போது, ஆய்வில் தொடர்பு இல்லாத ஒரு டாக்டரோடு அப்பா தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. என்னிடம் யாராவது கேட்டால் எனக்கு நிம்மதியாகத்தான் இருக்கும்.

ஏன் இதில் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், பயிற்சிக் காலத்தில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஸ்ட்ரெச்சரில் ஒரு பெரியவர், பக்கத்தில் அவர் மகன். ஒருவர் படிவத்தோடு வந்தார், கடைசிப் பக்கத்தை மட்டும் திருப்பி வைத்துக்கொண்டு, 'நல்ல மருந்துதான், இங்க ஒரு கையெழுத்து' என்றார். மொத்தம் இரண்டு நிமிடம் கூட இல்லை. மகன், 'எதுக்குங்க இது?' என்று கேட்டார். 'எல்லாரும் போடறதுதான்' என்பது பதில். பெரியவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். அந்த இரண்டு கை. நான் ஒன்றும் சொல்லாமல் நின்றுகொண்டிருந்தேன், அப்போது எனக்குச் சொல்லத் துணிவு இல்லை. ஒப்புதல் என்பது அந்தக் கையெழுத்துக்கு முன்னால் நடக்கிற பேச்சு. படித்து, கேட்டு, திரும்பக் கேட்டு, கடைசியில் நோயாளி தன் வாயால் 'இது இன்ன ஆய்வு, எனக்கு இன்னது நடக்கும், வேண்டாம் என்றால் விலகலாம்' என்று சொல்லிக் காட்டும் வரை அது முடியாது. நான் இப்போது ஒருவரைச் சேர்க்கும்போது அவரையே எனக்குத் திரும்ப விளக்கச் சொல்கிறேன். முக்கால்வாசிப் பேர் முதல் தடவை, 'புது மருந்து தரீங்க, குணமாயிடும்' என்பார்கள். மறுபடி முதலிலிருந்து.

அந்த 'குணமாயிடும்' இருக்கிறதே, அதைத்தான் அப்பாவின் மனதிலிருந்து எடுத்துவிட வேண்டும். சிகிச்சை என்றால் அவருக்கென்று பார்த்துப் பார்த்துச் செய்வது. தலை சுற்றுகிறதா, அளவைக் குறை. கால் வீங்குகிறதா, நீர் மாத்திரையைக் கூட்டு. ஆய்வில் அந்த எட்டாவது மாத்திரை மட்டும் முன்கூட்டியே எழுதிய திட்டப்படி போகும். அவர் அங்கே போவதன் முதல் பலன் பின்னால் வருகிறவர்களுக்கு. அவருக்கும் நன்மை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். இதைத் தெரிந்தே 'சரி' என்று சொல்பவர்கள்தான் கடைசி வரை மனக்கசப்பில்லாமல் இருப்பார்கள்.

டாக்டர் மேல் உள்ள மரியாதை இன்னொரு விதத்திலும் சிக்கல் தரும். ஆய்வில் ஒவ்வொரு தடவையும் மீதி மாத்திரையை எண்ணுவோம், காலி அட்டைகளைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்வோம். எங்களிடம் வந்த ஒருவர் ஒவ்வொரு முறையும் அட்டைகளை ரப்பர் பேண்டு போட்டு அடுக்கிக் கொண்டுவருவார், ஒரு மாத்திரை கூட மீதி இருக்காது. நர்ஸுக்கு அவரைப் பார்த்தாலே சந்தோஷம். எட்டு மாதம் கழித்து ஒருநாள் கதவைச் சாத்திவிட்டு, மூன்றாவது மாதமே நிறுத்திவிட்டேன் டாக்டர், வயிறு புரட்டியது, உங்களிடம் சொன்னால் வருத்தப்படுவீர்களே என்று தினமும் ஒன்றைப் பிதுக்கிக் குப்பையில் போட்டேன் என்றார். ஐந்து மாதம் ஒரு மனிதர் எனக்காக மாத்திரையைப் பிதுக்கியிருக்கிறார். தப்பு என் பக்கம்தான், 'நிறுத்தினாலும் பரவாயில்லை, சொல்லுங்கள்' என்று முதல் நாளே அவருக்கு உறைக்கிற மாதிரி நான் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் அப்பாவும் அந்த ரகம் என்றுதான் கடிதத்தில் தெரிகிறது. வயிறு புரட்டினால், தலை சுற்றினால், பயமாக இருந்தால் சொல்ல வேண்டும், மாத்திரை தவறினால் தவறியது என்று சொல்ல வேண்டும் என்று வீட்டிலேயே பேசி வையுங்கள். வேறு எங்கோ வாங்கிச் சாப்பிடும் மூலிகைப் பொடி, வலி மாத்திரை இருந்தால் அதையும் மறைக்கக் கூடாது. இதயம் பலவீனமானவருக்குச் சில வலி மாத்திரைகள் நீரைத் தேக்கிவிடும், சிறுநீரகத்தையும் கெடுக்கும், அது ஆய்வில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும்.

இனி நீங்கள் கேட்க வேண்டியவை. ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், அங்கே போனால் பாதி மறந்துவிடும். ஆய்வு எந்தக் கட்டத்தில் இருக்கிறது? முதல் கட்டம் என்றால் மிகச் சிலருக்குத்தான் இதுவரை கொடுத்திருப்பார்கள், அப்பாவுக்கு அது வேண்டாம் என்பேன். மூன்றாம் கட்டம் என்றால் ஏற்கெனவே சில நூறு பேரையாவது தாண்டி வந்திருக்கும், இரண்டாவதில் என்றால் இதுவரை எத்தனை பேர், அவர்களுக்கு என்ன ஆனது என்று கேட்டுவிட்டு யோசிக்கலாம். அவருடைய சிறுநீரகம் எப்படி இருக்கிறது, ரத்தத்தில் கிரியேட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) பொட்டாசியமும் எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பார்கள்? பதினைந்து வருடச் சர்க்கரைக்காரருக்கு இந்தக் கேள்வி மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம். ஆய்வினால் உடம்புக்கு ஏதாவது வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது, இழப்பீடு உண்டா? வாய்வார்த்தை போதாது, படிவத்தில் எந்தப் பக்கம் என்று காட்டச் சொல்லுங்கள். ஆய்வு முடிந்த பிறகு மருந்து நல்லது என்று தெரிந்தால் அவருக்குக் கிடைக்குமா, எத்தனை காலம்? பணம் யார் போடுகிறார்கள், ஒவ்வொரு நோயாளிக்கும் டாக்டருக்கோ மருத்துவமனைக்கோ என்ன தருகிறார்கள்? கேட்கக் கூச்சமாக இருக்கும், கேளுங்கள். பணம் வருவது தப்பில்லை, ரத்தப் பரிசோதனைக்கும் நர்ஸுக்கும் செலவு இருக்கிறது, மறைப்பதுதான் தப்பு. பொதுப் பதிவேட்டில் ஆய்வைப் பதிந்திருக்கிறார்களா, எண் என்ன? உலக சுகாதார நிறுவனத்தின் தேடல் தளத்தில் அந்த எண்ணைப் போட்டு யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். என்ன கேள்விக்காக ஆய்வு நடக்கிறது என்பதை முன்கூட்டியே அங்கே எழுதியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் முடிவு வந்த பிறகு வசதியான கேள்வியைத் தேடி எடுத்துக்கொள்ளலாம்.

ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு முட்டினால் யாரைக் கூப்பிடுவது? இதற்கு ஒரு பெயரும் ஒரு எண்ணும் பதிலாக வர வேண்டும். அவசரம் என்றால் அவர் சாப்பிடுவது மருந்தா டம்மியா என்ற ரகசியத்தை உடைத்துப் பார்க்கும் ஏற்பாடு எப்போதும் இருக்கும், இல்லாமல் ஆய்வு நடத்த முடியாது. அந்த எண் உள்ள அட்டையை அப்பாவின் பர்ஸில் வையுங்கள், வேறு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தால் அங்கே காட்ட வேண்டும். இதோடு, ஆய்வு நடத்துகிறவர்களைச் சாராத ஒரு குழு இடையிடையே இரண்டு பக்கத்துக் கணக்கையும் திறந்து பார்க்கும். காஸ்ட் ஆய்வில் அந்த இரண்டு மருந்துகளையும் நிறுத்தவைத்தது அப்படி ஒரு குழுதான். இங்கேயும் அது உண்டா என்று கேளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் யோசிக்கவே வேண்டாம். ஆய்வில் சேர உங்களிடமே பணம் கேட்டால், இன்றைக்கே முடிவு சொல்லுங்கள் என்று நெருக்கினால், சேராவிட்டால் இங்கே வைத்தியம் பார்ப்பது சிரமம் என்று ஜாடையாகச் சொன்னால் கூட, படிவத்தை மேசையில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடிக்கடி பார்ப்பார்கள், ரத்தம் எடுப்பார்கள், ஒரு நர்ஸ் போன் செய்து விசாரிப்பார். இதயச் செயலிழப்பில் இந்தக் கவனிப்புக்கே ஒரு மதிப்பு உண்டு. அலைச்சலும் உண்டு, கூடுதல் ஊசிக்குத்தும் உண்டு, யார் கூட்டிப்போவது என்பதை வீட்டில் முடிவு செய்யுங்கள். அப்புறம், வயதானவர்களும் இரண்டு மூன்று நோய் சேர்ந்து இருப்பவர்களும் பெண்களும் ஆய்வுகளில் எப்போதும் குறைவாகவே இருக்கிறார்கள். அதனால் என் எதிரில் வந்து உட்காரும் எண்பது வயதுப் பாட்டிக்கு மருந்து எழுதும்போது, அவரை விட இருபது வயது இளையவர்களிடம் கிடைத்த கணக்கை வைத்து ஊகித்துத்தான் எழுதுகிறேன். சர்க்கரையும் இதயமும் சேர்ந்து படுத்தும் 66 வயது மனிதர் ஒருவர் உள்ளே வந்தால் அந்த ஊகம் கொஞ்சம் குறையும். என் சாய்வு இந்த இடத்திலிருந்துதான் வருகிறது.

கடைசியாக, நீங்களும் அம்மாவும் தம்பியும் என்ன நினைக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், அப்பாவைப் பற்றி ஒரே ஒரு வரி. முடிவெடுக்க வேண்டியவர் அவர். ஒரு சாயங்காலம் உட்கார்ந்து அந்த 24 பக்கத்தையும் அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள், புரியாத இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். படித்து முடித்ததும், சேர்ந்தால் என்ன நடக்கும் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். 'டாக்டர் மனசு கஷ்டப்படும்' என்பதுதான் அவர் காரணம் என்றால், இல்லை என்று சொல்ல அவருக்கு நீங்கள் உதவ வேண்டும். எல்லாம் புரிந்து, எனக்குச் சம்மதம் என்று அவர் சொன்னால், அம்மாவையும் அடுத்த முறை கூட்டிப்போங்கள். அவர் பயத்தை டாக்டரிடம் நேரிலேயே கேட்கட்டும். சேர்ந்த பிறகும் எந்த நாளிலும், காரணம் சொல்லாமலேயே விலகலாம், வழக்கமான வைத்தியம் அதனால் நிற்கக் கூடாது. இதுவும் படிவத்தில் இருக்க வேண்டும்.

எப்படி முடிவானாலும் காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடுவதற்கு முன்னால், எடை பார்த்து எழுதி வைக்கும் பழக்கம் அவருக்கு இருக்கிறதா? கடிதத்தில் இல்லை. இல்லையென்றால் நாளைக்கே ஆரம்பியுங்கள். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் உடம்பில் நீர் சேர்கிறது, கால் வீங்கும் வரை காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.